நிறுத்தி வைக்கப்பட்ட இரண்டு விமானங்கள்

கம்பெனி நின்றுபோகப் போகிறது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு புதன்கிழமை மதியம் மதுரையிலிருந்து வந்த விமானம் பயணிகளை இறக்கிவிட்டு நின்றது. அடுத்து அது ஐதராபாத் போக வேண்டும். நான் வழக்கம்போல சக்கரங்களைச் சுற்றிப் பார்த்து, எஞ்சினில் எண்ணெய் அளவைப் பார்த்து, பறக்கலாம் என்று பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். மேலே ஏறிப் போய் அதை விமானியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஃபியூல் வண்டி வரலையேம்மா," என்றார்.

இரண்டு மூன்று இடத்துக்குப் போன் செய்தோம். வருகிறது, வருகிறது என்றார்கள். பிறகு போனை எடுக்கவே இல்லை. பயணிகளை ஏற்றி வந்த பஸ் விமானத்துக்குப் பக்கத்தில் கதவைத் திறக்காமல் இருபது நிமிடம் நின்றது, பிறகு வந்த வழியே திரும்பிப் போனது. கண்ணாடி வழியாக ஒரு குழந்தை எனக்குக் கையாட்டியது. நானும் ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் விமானிகள் இருவரும் தொப்பியைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தார்கள். மூத்தவர் என்னைப் பார்த்து, "கதவை நல்லா சாத்திடுங்க," என்றார்.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து இன்னொன்று வந்து சேர்ந்தது. அதையும் ஓடுபாதையிலிருந்து தள்ளி, பழைய சரக்குக் கொட்டகைக்கு முன்னால் இருந்த தளத்தில், முதல் விமானத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தச் சொன்னார்கள். மற்ற ஊர்களில் போய்ச் சேர்ந்தவை அந்தந்த ஊரிலேயே நின்றுவிட்டன. எங்கள் பங்குக்குச் சென்னையில் இரண்டு.

நான் விமானப் பராமரிப்புப் பொறியாளர். வீடு திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால். அப்பாவுக்கு ராயபுரத்தில் கடை. மீன்பிடிப் படகுகளுக்கு வேண்டிய கயிறு, கொக்கி, பெயின்ட், போல்ட் நட்டு எல்லாம் அங்கே கிடைக்கும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து, சொந்தக்காரர் கடையில் நின்று, பிறகு தனியாகக் கடை போட்டவர் அவர். எங்கள் உறவில் எல்லோரும் வியாபாரிகள். அடுத்தவரிடம் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் நான்தான், அதுவும் பெண்பிள்ளை என்று கல்யாண வீடுகளில் என் காதுபடவே பேசுவார்கள்.

நான் பள்ளிக்கூடம் முடித்த காலத்தில்தான் நாட்டில் புதிதுபுதிதாக விமானக் கம்பெனிகள் கிளம்பின. ரயிலில் ஏசி பெட்டிக்குக் கொடுக்கிற காசில் விமானத்தில் போகலாம் என்று பேப்பரில் முழுப்பக்கத்துக்கு விளம்பரம் வரும். விமானப் பராமரிப்புப் படிப்பு சொல்லித்தர ஊருக்கு ஊர் கல்லூரி திறந்தார்கள். அப்படி ஒன்றில் நான் சேர்ந்தேன். வகுப்பில் நான்கு பெண்கள். கடைசிவரை தாக்குப்பிடித்து லைசென்ஸ் வாங்கியது நான் மட்டும்தான்.

வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கம்பெனியில் இருந்த விமானங்களை ஒரு கை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறகு மாதத்துக்கு ஓர் ஊர் கூடிக்கொண்டே போனது. அதுவரை வரைபடத்தில் மட்டும் பார்த்திருந்த ஊர்ப் பெயர்களெல்லாம் புறப்பாட்டுப் பலகையில் வந்தன. எங்கள் தெருவிலும் அது தெரிந்தது. முன்பெல்லாம் விமானத்தில் போனவர் என்றால் தெருவில் ஒருத்தரோ இரண்டு பேரோ. பிறகு காசிமேட்டிலிருந்தும் எர்ணாவூரிலிருந்தும் வளைகுடாவில் படகு வேலைக்குப் போகிறவர்கள், பெண்ணைப் புனேயில் கட்டிக்கொடுத்தவர்கள், ஆபரேஷனுக்கு வேலூரை விட்டு டெல்லிக்குப் போகிறவர்கள் எல்லோரும் என்னிடம் வந்து விசாரிப்பார்கள். "ஏர்போர்ட் பொண்ணு" என்றுதான் எனக்குப் பெயர். ஒருவர் சட்டையைக்கூட மாட்டாமல் வாசலில் வந்து நின்று, "நெத்திலி கருவாடு எட்துகினு போலாமா, இல்ல தூக்கிக் கடாசிடுவானுங்களா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. பொட்டலத்தை மூன்று கவர் போட்டுச் சுற்றி பெரிய பெட்டியில் வைக்கச் சொன்னேன். போய்ச் சேர்ந்ததும், ஒன்றும் ஆகவில்லை என்று போன் செய்தார்.

அப்பாவும் ஒருமுறை பறந்தார். ஊரில் ஒரு விசேஷத்துக்கு, ஊழியர் டிக்கெட்டில், தூத்துக்குடிக்குக் கூட்டிப் போனேன். மஞ்சள் பையை மேலே வைக்க விடாமல் வழி முழுக்க மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். இறங்கியதும், "இவ்வளவுதானாக்கும்," என்றார். ஆனால் ஊரில் மூன்று நாளும் அவர் பேசியது அது ஒன்றைப் பற்றித்தான்.

கம்பெனி நின்ற பிறகு முதல் இரண்டு வாரம் நாங்கள் எல்லோரும் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தோம். திரும்பவும் பறக்கும், யாரோ ஒரு பெரிய முதலாளி வாங்கப்போகிறார் என்று தினம் ஒரு பேச்சு வரும். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒருத்தர் தோஹாவுக்கு, இரண்டு பேர் ஐதராபாத்துக்கு, ஒருத்தர் நாக்பூருக்கு. விமானத் தொழிலில் ஆள் தேவை குறையவே இல்லை. எங்களிடம் பறந்த ஊர்களுக்கெல்லாம் அடுத்த கம்பெனிகள் உடனே பறக்க ஆரம்பித்துவிட்டன. ஊர் மாறத் தயாராக இருந்தால் வேலை கிடைக்கும். என்னால் மாற முடியவில்லை. அம்மா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அப்பாவுக்கு முந்தைய வருடம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் மெதுவாகத்தான் வரும். கடையைச் சித்தப்பா மகன் பார்த்துக்கொண்டான். பகலில் பக்கத்து வீட்டு அம்மா அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். மற்ற நேரத்துக்கு நான்தான்.

விமானங்கள் எங்கள் கம்பெனிக்குச் சொந்தமானவை அல்ல. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடம் குத்தகைக்கு எடுத்தவை. அவற்றை அவர்கள் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று கோர்ட்டில் வழக்கு. அது முடிகிறவரை விமானங்கள் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள லைசென்ஸ் உள்ள ஓர் ஆள் வேண்டும் என்று, கோர்ட் நியமித்த அதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். நான் சரி என்றேன். ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் என்றார். ஒன்றரை வருடம் ஆனது.

ஓடாத விமானம் சும்மா நின்றாலே கெடும். ஒரே இடத்தில் நின்றால் டயரில் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், அதனால் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். எரிபொருள் தொட்டியின் அடியில் தண்ணீர் சேரும், அதை வடிக்க வேண்டும். எஞ்சின் வாய்க்குச் சிவப்பு மூடி போட்டு, உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள் கொண்ட பைகளை வைத்து, நிறம் மாறினால் மாற்ற வேண்டும். விமானத்தின் வேகத்தை அளக்க மூக்கருகில் சின்னச் சின்னக் குழாய்கள் இருக்கும். மூடி கொஞ்சம் விலகினாலும் குளவி வந்து மண்ணை அப்பிவிடும். வால்பக்கத்து இடுக்குகளில் மைனாக்கள் கூடு கட்டும். குச்சி, நூல், தலைமுடி, ஒருமுறை பயணிகள் பெட்டியில் ஒட்டும் சீட்டின் துண்டு கூட இருந்தது. முட்டை வைப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று தினமும் ஏணி போட்டுப் பார்ப்பேன். செய்த ஒவ்வொன்றையும் கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதாவிட்டால் அன்றைக்கு அங்கே போனேனா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிடும் போலிருந்தது.

தேரடியில் மெட்ரோ ஏறினால் நேரே விமான நிலையம். காலையில் ஏழரைக்கு ஏறுவேன். பெட்டியோடு வருகிறவர்கள், வழியனுப்ப வருகிறவர்கள், என் போலச் சீருடைக்காரர்கள். என் சட்டையில் இன்னும் பழைய கம்பெனியின் சின்னம் இருந்தது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்தவர், "இந்தக் கம்பெனி மூடிட்டாங்கல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த வாரம் சின்னத்தைப் பிரித்து எடுத்துவிட்டேன். அது இருந்த இடத்தில் துணி மட்டும் நிறம் மங்காமல் நின்றது.

விமான நிலையத்தில் என்னைச் சுற்றி எல்லாமே நடந்துகொண்டிருந்தது. புது முனையம், புதுக் கம்பெனிகள், வாரத்துக்கு ஒரு புது விமானம். என்னோடு வேலை பார்த்து வேறு கம்பெனிக்கு மாறியவர்கள் டிராக்டரில் கடந்து போவார்கள். ஆரம்பத்தில் நிறுத்திப் பேசினார்கள். பிறகு கையாட்டினார்கள். பிறகு அவசரத்தில் பார்க்காமல் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது நிமிடத்தில் ஒரு விமானத்தை அனுப்ப வேண்டியவனுக்கு நின்று பேச நேரம் ஏது? கேன்டீனிலும் அவர்கள் பேச்சில் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. எந்த விமானம் தாமதம், எந்த எஞ்சினில் கோளாறு, எவனுக்கு ஷிப்ட் மாறியது என்று பேசுவார்கள். நான் சோற்றுடப்பாவை விமானத்துக்கு அடியில் நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட ஆரம்பித்தேன்.

அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த ஒரே துணை, விமானத்தின் உள்ளே சுத்தம் செய்ய வாரத்துக்கு ஒருமுறை வரும் அக்கா. ஐம்பது தாண்டியவர், வீடு காசிமேட்டில். எங்கள் கம்பெனிக்கு ஆரம்பத்திலிருந்தே ஒப்பந்தத்தில் சுத்தம் செய்தவர். இவ்வளவு காலம் பார்த்திருந்தும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவர் வேலை உள்ளே, என் வேலை வெளியே. இப்போதுதான் முதன்முதலாக இரண்டு பேரும் ஒரே விமானத்துக்குள் இருந்தோம்.

"ஜனமே ஏறாத வண்டிய இன்னாத்துக்கு மேடம் தொடைக்கணும்?" என்று முதல் நாள் கேட்டார்.

"பூஞ்சை புடிச்சிடும்க்கா. சீட்டுத் துணியெல்லாம் வீணாப் போயிடும்."

"அது சர்தான். பூட்டி வெச்ச வூடு மேரி," என்று சொல்லிவிட்டு துடைக்க ஆரம்பித்தார். மூன்றாவது வாரத்தில் மேடம் போய் 'கண்ணு' வந்துவிட்டது. எனக்கும் சேர்த்து வஞ்சிரமோ கானாங்கெளுத்தியோ வறுத்து எடுத்துவருவார். ஜன்னல் திரைகளை எல்லாம் இறக்கி வைத்திருந்ததால் உள்ளே பகலிலும் அரையிருட்டு. கதவுப் பக்கம் மட்டும் வெளிச்சம் விழும். அங்கே கால் நீட்டி உட்கார்ந்து பேசுவோம்.

விமானத்தின் வாலில் சின்ன எஞ்சின் ஒன்று உண்டு. பெரிய எஞ்சின்கள் ஓடாதபோது விளக்குக்கும் ஏசிக்கும் மின்சாரம் தருவது அது. குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்படி ஓட்டப்போகிற ஒரு நாள் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இத்தினி வருசமா இந்த சீட்டுக்கு அடியிலயே குனிஞ்சிகினு இருந்துட்டேன். ஒரு தபா குந்திப் பாக்கட்டா கண்ணு?"

"எந்த சீட்டு வேணும்க்கா?"

இறக்கைக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த ஜன்னல் சீட்டில் போய் உட்கார்ந்தார். திரையை ஏற்றிவிட்டேன். பெல்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த தொடச்சிக்கீறேன், மாட்னதில்ல," என்றார். நான் மாட்டிவிட்டேன். பிறகு விமானி அறைக்குப் போய்ச் சின்ன எஞ்சினை ஓட்டினேன். வாலில் இரைச்சல் எழும்பி, விளக்குகள் வரிசையாக எரிந்து, மேலேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. முன்னால் அரை மணி நேரம் அளவுமானிகளைப் பார்த்து நோட்டில் குறித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தார். வெளியே பார்த்தபடி இருந்தார். வெளியே கொட்டகைச் சுவர்தான் தெரிந்தது.

"எம்புள்ள இந்த மேரி ஒண்ணுலதான் ஏறிப் போனான்," என்றார். "கெல்ஃபுல போட்டுல வேலை. மூணு வருசமாவுது. எப்ப போன் பண்ணாலும் அப்பால பேசுறேன்றான். இவ்ளோ ஜில்லுனு கீதே, போர்வை எதுனா குடுத்திருப்பாங்களா அவனுக்கு?"

கொடுத்திருப்பார்கள் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். இறங்கும்போது தான் உட்கார்ந்த சீட்டைத் திரும்ப ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

மழைக்காலத்தில் ஒரு புயல் வந்தது. விமான நிலையத்தையே மூடினார்கள். காற்றில் விமானம் ஆடாமல் இருக்கத் தொட்டியில் எரிபொருளை நிரப்பிக் கனமாக்கச் சொல்வார்கள். எங்களுக்கு எரிபொருள் தருவார் யார்? தரையில் இருந்த வளையங்களில் சங்கிலி போட்டுக் கட்ட நான் முந்தின நாள் முழுக்க மழையில் நின்றேன். அப்பா கடையிலிருந்து வரவழைத்துக் கொடுத்த தடித்த நைலான் கயிறும் இரண்டு கட்டு இருந்தது. அடுத்த நாள் முழுக்கத் திருவொற்றியூரில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அப்பாவைக் கட்டிலோடு செங்கல் வைத்து உயர்த்தி உட்காரவைத்தேன்.

"ஏளா, உன் விமானம் என்னாச்சு?" என்றார்.

"தெரியலப்பா. யாரைக் கேக்கறது?"

"போட்டுக்குத் தடைக்காலம் உண்டும். கரையேத்திப் போட்டாலும் அறுபத்தோரு நாளு முடிஞ்சா கடலுக்குப் போயிரும்," என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துச் சொன்னார். "உன்னுதுக்கு அப்படித் தேதி ஒண்ணு இருக்கா?"

இல்லை என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் நான் வந்ததும் அன்றைக்கு என்ன செய்தேன் என்று கேட்பார். சக்கரம் சுற்றினேன், தண்ணீர் வடித்தேன், மைனாக்கூடு எடுத்தேன் என்று அதே கதையைத்தான் சொல்வேன். புதுச் செய்தி கேட்பதுபோல முழுவதும் கேட்பார். அதைக் கேட்க உலகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தண்ணீர் வடிந்து நான் போய்ப் பார்த்தபோது இரண்டு விமானங்களும் கட்டிய இடத்திலேயே நின்றன. புயலுக்குப் பிறகு அக்காவின் ஒப்பந்தம் முடிந்தது. புது முனையத்தில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். சொல்லிவிட்டுப் போக வந்தார்.

"அங்க ஜனம் கீது கண்ணு. கக்கூஸ் கழுவுற வேலைதான். ஆனா நாலு பேரு மூஞ்சியப் பாக்கலாம். இங்க நீ ஒருத்தி மட்டும் கீற. நெனைச்சாலே பேஜாரா கீது. நீயும் வேற எங்கனா போயிடு."

போகிறேன் என்றேன். அதன் பிறகு உள்ளே துடைப்பதும் என் வேலையானது. அக்கா இல்லாத விமானத்தில் நடக்கும்போது என் காலடிச் சத்தம் எனக்கே யாரோ பின்னால் வருவதுபோலக் கேட்கும்.

வழக்கு ஒருவழியாக முடிந்து, குத்தகைக் கம்பெனி அனுப்பிய ஆட்கள் வந்தார்கள். தலைவர் ஒரு மலையாளி, ஐம்பது வயது இருக்கும், எங்கெங்கோ வேலை பார்த்தவர். இரண்டு விமானங்களையும் இரண்டு நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு என் நோட்டுகளைக் கேட்டார். கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு ஒரு பக்கம் விடாமல் படித்தார்.

"நிங்கள் தனியா செய்ததா இது முழுக்க?" என்றார்.

"ஆமா சார்."

"மற்ற ஊர்ல நிக்கிற விமானம் நான் பார்த்தேன். குப்பை." நோட்டை மூடிவிட்டு, "ஐதராபாத்தில் பெரிய பராமரிப்புக் கூடம் வருது. இதுவரைக்கும் நம்ம நாட்டு விமானத்தையே வெளிநாட்டுக்கு அனுப்பித்தானே ரிப்பேர் பண்றோம்? இனிமே இங்கேயே செய்யணும். ஆள் வேணும். வருமோ?" என்றார்.

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். புரிகிறது என்று தலையசைத்தார்.

ஒரு விமானத்தைத்தான் பறக்க வைக்க முடியும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். மேற்கே நின்றது போகும். கிழக்கே நின்றது வயதானது, அதன் உதிரிபாகங்களை எடுத்து மற்றதற்குப் போட வேண்டும். எடுக்கிற வேலையும் எனக்குத்தான் வந்தது. எந்தப் பாகம் எந்த நிலையில் இருக்கிறது என்று வேறு யாருக்குத் தெரியும்? கூலிக்கு வந்த இரண்டு டெக்னீஷியன்களோடு மூன்று வாரம் கழற்றினேன். முன்சக்கரம், பிரேக், விமானி அறையில் அளவுகளைக் காட்டும் திரைகள், வாலில் இருந்த அந்தச் சின்ன எஞ்சின். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்டி, எங்கிருந்து எடுத்தது, யார் எடுத்தது என்று எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். குளவி புகாமல், ஈரம் ஏறாமல் நானே பார்த்துப் பார்த்து வைத்திருந்தவை. இயந்திரம்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கை வேலை செய்தது. சோற்றுடப்பாவை மட்டும் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன்.

அந்த மூன்று வாரத்தின் நடுவில் அப்பா இறந்தார். காலையில் காபியை ஆற்றிக் கொடுக்கும்போது அவர் வாய் கோணியது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று வழியை அடைத்திருந்தன. டிரைவர் இறங்கி ஒவ்வொரு லாரியாகத் தட்டிக் கெஞ்சி ஒதுங்க வைத்தார். போய்ச் சேர்ந்தோம். ஆனாலும் மறுநாள் மதியத்துக்கு மேல் அவர் இருக்கவில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கம் எங்களில் இல்லை. வாசலோடு நின்றேன்.

ஆறாம் நாள் வேலைக்குப் போனேன். பதினாறு முடியவில்லை, இவளுக்கு என்ன அவசரம் என்று உறவில் பேசினார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் வரும். சாயங்காலம் வந்தால் இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்க ஆள் இருக்காது. அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? போய் முன்சக்கரத்தை மாட்டினேன்.

விமானம் புறப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. பயணிகள் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு விமானிகள் மட்டும். எங்கள் கம்பெனியின் பெயரை வெள்ளை பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். எஞ்சின்கள் இரண்டும் ஓடத் தொடங்கியபோது தரை அதிர்ந்தது. ஒன்றரை வருடமாக அந்த இடத்தில் கேட்காத சத்தம். நான் சக்கரம் உருளாமல் வைத்திருந்த கட்டைகளை எடுத்து, மூக்குச் சக்கரத்தின் பூட்டு ஊசியை உருவி, அதன் சிவப்பு நாடா தெரியும்படி உயர்த்திக் காட்டினேன். விமானி கட்டைவிரலைத் தூக்கினார். விமானம் மெதுவாகத் திரும்பி ஓடுபாதைப் பக்கம் போனது. மேலே ஏறுவதை நான் பார்க்கவில்லை, முனையக் கட்டடம் மறைத்துவிட்டது. சத்தம் மட்டும் வந்து, பெரிதாகி, தேய்ந்தது. மலையாளி சார் பக்கத்தில் வந்து, "நல்ல வேலை," என்று கைகொடுத்தார். "இப்போ ஐதராபாத்?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இப்போது போகத் தடை எதுவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் திரும்பி வரக் காரணமே இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன். ஒன்றரை மாதம் கழித்து நான் போன் செய்தபோது அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டிருந்தார்கள். மலையாளி சார் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

கிழக்கே நின்ற விமானத்தைப் பழைய இரும்புக்காரர் எடுத்தார். நான்கு நாளில் அறுத்து லாரியில் ஏற்றி மாத்தூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நான் போகவில்லை.

கடைசியில் சென்னையிலேயே இன்னொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவர்தான் மேலாளர். என் விண்ணப்பத்தில் விரலை வைத்து, "இந்த ஒன்றரை வருஷம் என்ன பண்ணீங்க மேடம்?" என்று கேட்டார்.

"ரெண்டு விமானத்தைப் பாத்துக்கிட்டேன்."

"பறந்துக்கிட்டிருந்ததா?"

"இல்ல. நின்னுக்கிட்டிருந்தது."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அவர்கள் விதிப்படி நிற்கிற விமானத்தில் செய்த வேலை அனுபவமாகாது, பயிற்சியைத் திரும்பச் செய்ய வேண்டும் என்றார். கல்லூரி முடித்துவிட்டு அப்போதுதான் வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, சக்கரம் மாற்றுவது எப்படி என்று நான்கு மாதம் மறுபடி படித்தேன். என் நோட்டுகளை யாரிடமும் காட்டவில்லை.

இப்போது மதிய ஷிப்ட். வேலை நெருக்கடியாக இருக்கிறது. ஒரு விமானம் போவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா மகன் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவார்கள். சில வாரம் போவேன், சில வாரம் ஏதாவது சொல்லித் தவிர்த்துவிடுவேன். அப்பாவின் கட்டிலுக்கு அடியில் வைத்த செங்கற்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. எடுத்துப்போட வேண்டும்.

போன மாதம் கம்பெனிக்கு ஒரு புது விமானம் தொழிற்சாலையிலிருந்து நேராக வந்து இறங்கியது. இரண்டு பக்கமும் தீயணைப்பு வண்டிகள் தண்ணீரைப் பீய்ச்சி வரவேற்றன. மூக்குச் சக்கரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லோரும் இறக்கைக்கு அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். என்னையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஓரத்தில் நிற்கவைத்தார்கள். அரை மணி நேரத்தில் படம் போனுக்கு வந்துவிட்டது. நன்றாகத்தான் இருந்தது, நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லோரும் அதை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு அனுப்புவது என்று நானும் கொஞ்ச நேரம் போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் கோவை விமானம் வந்து நின்றது. போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சக்கரக் கட்டைகளை வைக்கப் போனேன்.